மேசைக் கூடையா, நடுத்தொட்டியா, ஒரு வெள்ளி அபராதமா? எங்கள் மாடிக் குப்பைக்கு நாங்கள் பார்த்த வழிகள்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய கடைவீட்டின் இரண்டாம் மாடியில் எங்கள் ஆபீஸ் இருக்கிறது. எங்கள் ஆபீஸ் என்று சொன்னாலும் முழுசாக எங்களுடையது இல்லை. ஒரு கணக்கு நிறுவனம், அச்சு வடிவமைப்பு செய்யும் நாங்கள், மென்பொருள் எழுதும் நான்கு பையன்கள், வாரத்தில் மூன்று நாள் வந்து போகும் ஒரு காப்புறுதி முகவர் என்று மொத்தம் 22 பேர் ஒரே மாடியையும் ஒரே பேன்ட்ரியையும் பங்கு போட்டுக்கொள்கிறோம். வாடகையைப் பிரிப்பது சுலபம், மின்கட்டணத்தைக்கூட ஒரு மாதிரி பிரித்துவிட்டோம். குப்பைதான் யாருக்கும் சொந்தமில்லாமல் மூலையில் கிடந்தது. திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தால் வெள்ளிக்கிழமை மீன் குழம்பு நம்மை வரவேற்கும், அப்புறம் எறும்பு, அப்புறம் யார் போட்டது என்ற விசாரணை.

மாடிக் கூட்டத்தில், "நீதானே அடிக்கடி புலம்புறே, நீயே ஒரு வழி பார்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். சரி என்று சில மாதம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சிலதைச் செய்து பார்த்தோம், சிலதைப் பேசியே தள்ளினோம். இதே மாதிரி பல கம்பெனிகள் ஒரு மாடியில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டவர்கள் உண்டு. கோலாலம்பூரில் 672ஆம் சட்டம், அதாவது திடக்கழிவு நிர்வாகச் சட்டம், அமலில் இருக்கிறது. 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்றார்கள், 2016 ஜூன் 1 முதல் அபராதமும் வந்தது. தரை வீடுகளுக்கு முதல் தடவை 50 வெள்ளி, இரண்டாம் தடவை 100, மூன்றாம் தடவை 500. ஆனால் அது குடியிருப்புகளைக் குறி வைத்தது. எங்களைப் போன்ற மாடிக் கடை ஆபீஸில் குப்பையைக் கட்டட நிர்வாகம் வைத்த குத்தகையாளர் எடுத்துப் போகிறார், யாரும் வந்து நம் பையை அவிழ்த்துப் பார்ப்பதில்லை. ஆகவே பயம் காட்டிக் காரியம் சாதிக்கலாம் என்ற எண்ணத்தை அன்றே விட்டுவிட்டேன்.

பினாங்கு அந்தச் சட்டத்துக்குள் வராத மாநிலம், அங்கே மாநில அரசுக்கே தனிக் கொள்கை. நிபோங் திபாலில் இருக்கும் என் தங்கை இதில் என்னைவிட விவரமானவள். அங்கே பிளாஸ்டிக் பை இல்லாத நாள் என்பது 2009இல் திங்கட்கிழமைகளில் மட்டும் ஆரம்பித்து, 2011 ஜனவரி 1இலிருந்து எல்லா நாளும் என்று ஆனது, அப்போது பை வேண்டுமென்றால் 20 காசு. "20 காசு பெரிய காசா அண்ணே? காசுக்காக யாரும் பை தூக்கலை. கல்லாவில நிக்கும்போது 'பை வேணுமா'ன்னு ஒருத்தர் வாய் திறந்து கேக்கறாங்க பாருங்க, அந்த இடத்துலதான் பழக்கம் மாறிச்சு" என்றாள். நான் அப்போது தலையாட்டிவிட்டு விட்டுவிட்டேன். பிறகு எங்கள் பேன்ட்ரியில் நின்று யோசிக்கும்போது அவள் சொன்னது பல தடவை நினைவுக்கு வந்தது.

எங்கள் முதல் முயற்சியின் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அதே குழியில்தான் விழுகிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு நல்ல மனதோடு மூன்று தொட்டி வாங்கினோம். தாளுக்கு நீலம், கண்ணாடிக்குப் பழுப்பு, பிளாஸ்டிக்குக்கும் டின்னுக்கும் ஆரஞ்சு, அதாவது நம் நாட்டில் எங்கு போனாலும் பார்க்கும் அதே நிறங்கள். ஆறு வாரம் ஒழுங்காகப் பிரித்தோம். ஒருநாள் வேலை முடிய நேரமாகிவிட்டது, நான் பேன்ட்ரிப் பக்கம் போனபோது துப்புரவு வேலை பார்க்கும் அக்கா மூன்று தொட்டியையும் ஒரே கறுப்புப் பையில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார்: "தம்பி, கீழே எனக்குக் குடுத்திருக்கறது ஒரே ட்ரம். நான் இதை எதுல போடறது, சொல்லுங்க."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. கீழே பிரிவு இல்லாமல் மேலே பிரித்தது நாடகம். அந்த நாடகம் வெளியே தெரிந்த மறுநாளே பையன்கள் ஆரஞ்சுத் தொட்டியில் நாசி லெமாக் பொட்டலம் போட ஆரம்பித்துவிட்டார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியவில்லை. அதனால் இந்தத் தடவை நான் தொட்டியில் ஆரம்பிக்கவில்லை, லாரியில் ஆரம்பித்தேன். இதை யார் வந்து எடுப்பார், எதை எடுப்பார், எதை எடுக்க மாட்டார் என்று தெரிந்துகொண்டு அங்கிருந்து பின்னோக்கி மேசை வரைக்கும் வர வேண்டும். மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எடுப்பவர்களில் எங்களுக்குக் கிடைத்த தேர்வுகள் நான்கு. கட்டட நிர்வாகத்திடம் இன்னொரு ட்ரம் கேட்டோம், குத்தகையை மாற்ற வேண்டும், மற்ற மாடிகளும் சம்மதிக்க வேண்டும் என்று இழுத்தார்கள். அது நடக்கும்போது நடக்கட்டும்.

இரண்டாவது, பழைய பேப்பர் லாரி. "சூராட் காபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு தாமான் தாமானாகச் சுற்றுமே, அதுதான். தாள், அட்டைப்பெட்டி, டின், இரும்பு எல்லாம் எடுப்பார், ஏதோ கொஞ்சம் காசும் கொடுப்பார். அலுமினிய டின்னைப் பார்த்தால் அவர் முகமே மலரும். மண்ணிலிருந்து புதிதாக அலுமினியம் எடுப்பதோடு ஒப்பிட்டால் பழைய டின்னை உருக்குவதில் 95 விழுக்காடு எரிசக்தி மிச்சம், அதனால்தான் அதற்கு அந்த மதிப்பு. கண்ணாடி போத்தலை நீட்டினால் "வேண்டாம் போஸ்" என்று கையை விரிப்பார். இரண்டு மாடி ஏறி வர மாட்டார், கொஞ்சமாக இருந்தால் வண்டியை நிறுத்தவும் மாட்டார். ஆனால் தாளும் அட்டையும் காய்ந்திருந்தால் ஒரு மாதம்கூட மூலையில் நாற்றமில்லாமல் கிடக்கும், ஆகவே மாதம் ஒரு தடவை கூப்பிட்டால் போதும்.

மூன்றாவது, சூச்சி அறநிறுவனத்தின் தொண்டூழியர்கள், நீலச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையுமாக இருப்பார்களே, அவர்கள். பல குடியிருப்புகளில் மறுசுழற்சி நிலையம் வைத்திருக்கிறார்கள், விற்று வரும் பணம் தர்மத்துக்குப் போகிறது. பேப்பர் லாரிக்காரர் தொடாத பிளாஸ்டிக் வகைகளையும் வாங்கிக்கொள்கிறார்கள், ஆனால் சுத்தமாக இருக்க வேண்டும். அங்கே வயதான அம்மாக்கள் தரையில் சிறு முக்காலி போட்டு உட்கார்ந்து போத்தல் மூடியைத் தனியாக, ஒட்டிய தாளைத் தனியாகப் பிரிப்பதை ஒருமுறை நேரில் பார்த்தேன். அதற்கு அப்புறம் கழுவாத தே ஆய்ஸ் கோப்பையை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நான்காவது, முத்தியாரா டாமன்சாராவில் ஐபிசி பேரங்காடியில் இருக்கும் மறுசுழற்சி நிலையம். ரொம்ப ஒழுங்கான இடம், அந்தப் பக்கம் வீடு இருந்தால் யோசிக்காமல் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்களில் யாருக்கும் அது வழியில் இல்லை.

முடிவில் தாள், அட்டை, டின் எல்லாம் பேப்பர் லாரிக்கு என்று வைத்தோம். பிளாஸ்டிக் போத்தலும் டப்பாவும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மென்பொருள் பையன்களில் ஒருவன் காரில் சூச்சி நிலையத்துக்குப் போகும், அது அவன் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. பழுப்புத் தொட்டியைத் தூக்கிப் பரணில் போட்டோம். எங்கள் மாடியில் கண்ணாடி என்று பார்த்தால் காப்பித்தூள் போத்தலும் ஊறுகாய் போத்தலும்தான், அதையும் யாராவது வீட்டுக்குக் கேட்டு எடுத்துப் போய்விடுகிறார்கள். அவ்வளவுக்கு ஒரு தொட்டி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

பழைய விசைப்பலகை, செத்துப்போன பேட்டரி, கம்பி இதெல்லாம் வேறு கணக்கு. 2005ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் விதிமுறைகளில் மின்னணுக் கழிவு எஸ்டபிள்யூ 110 என்ற எண்ணில் அட்டவணையிட்ட கழிவுப் பட்டியலில் இருக்கிறது, சுற்றுச்சூழல் துறை உரிமம் பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். பேப்பர் லாரிக்காரர் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார், கொடுக்காதீர்கள். ஓர் அட்டைப்பெட்டியில் சேர்த்து வையுங்கள், நிறைந்ததும் பார்க்கலாம்.

இனி ஆட்களைப் பற்றி. இங்கேதான் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள்.

சுவரொட்டி ஒட்டலாம் என்றவர்கள் அதிகம், வடிவமைப்பு ஆபீஸ் நாங்களே என்பதால் ஆசையும் இருந்தது. அழகாக ஒன்று செய்தோம், பச்சை இலை, பூமி உருண்டை, "நம் பூமி நம் கையில்". இரண்டு நாள் எல்லோரும் பாராட்டினார்கள். மூன்றாம் நாள் அதற்குக் கீழேயே வாழைப்பழத் தோல் தாள் தொட்டியில் கிடந்தது. அப்புறம் அதைக் கிழித்துவிட்டு, எங்கள் மாடியில் தினமும் விழும் பொருள்களையே, நாசி லெமாக் தாள், தே பை, பபிள் டீ கோப்பை, கணக்குத் தாள் என்று கைப்பேசியில் படம் எடுத்து அந்தந்தத் தொட்டிக்கு மேலேயே கண்மட்டத்தில் ஒட்டினோம். அது வேலை செய்தது. ஆனால் சுவரொட்டி மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், தொட்டி சரியான இடத்தில் இருந்தால்தான் அதற்கும் மரியாதை.

அபராதம் என்றார் கணக்கு நிறுவனத்துக்காரர், தப்பாகப் போட்டால் ஒரு வெள்ளி, மைலோ டின்னில். கூடவே தப்பாகப் போட்டதைப் படம் எடுத்துப் புலனக் குழுவில் போடுவது. இரண்டு வாரம்தான் தாங்கியது. முதல் நாளே ஒரு பையன் பத்து வெள்ளியை டின்னில் போட்டு, "இந்த மாசத்துக்கு முன்பணம்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான். படம் போட ஆரம்பித்ததும் ஆட்கள் குப்பையை ஒழுங்காகப் போடவில்லை, ஒளித்துப் போட்டார்கள். கழிப்பறைத் தொட்டியில் ரொட்டி சானாய் பொட்டலம் வர ஆரம்பித்தது. ஒருநாள் தேங்காய்ச் சட்னிப் பை ஒன்று தாள் தொட்டியில் கிடந்த படம் வந்தது, உடனே எல்லோர் பார்வையும் எங்கள் பக்கம் திரும்பியது, தோசை சாப்பிடுவது நாங்கள் மட்டும்தானாம். உண்மையில் அது காப்புறுதி முகவருடையது. இரண்டு கம்பெனிக்காரர்கள் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. ஒரே முதலாளியின் கீழ் இருக்கும் ஆபீஸில் அபராதம் ஒருவேளை நடக்கலாம். பங்கு மாடியில் அபராதம் போட யாருக்கு அதிகாரம் இருக்கிறது? எனக்கு இல்லை, அது மட்டும் தெரிந்துகொண்டேன். டின்னில் சேர்ந்த காசுக்கு வடை வாங்கித் தின்றோம்.

இன்னொரு யோசனை வந்தது, அதைச் சொன்னவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை: அக்காவுக்கு மாதம் 100 வெள்ளி கூடக் கொடுத்தால் அவரே எல்லாவற்றையும் பிரித்துவிடுவார், நமக்கும் தலைவலி இல்லை. காசுக் கணக்கில் பார்த்தால் இதுதான் மலிவு. நான் இதை இரண்டு காரணத்துக்காக எதிர்த்தேன். ஒன்று, கலந்த பிறகு பிரிப்பதில் பயன் குறைவு. குழம்பில் நனைந்த தாளை அப்புறம் என்ன செய்தாலும் அது தாளாகத் திரும்பாது. இரண்டு, சாத்தே குச்சியும் ஸ்டேப்ளர் முள்ளும் கிடக்கும் பைக்குள் கையை விடச் சொல்லி ஓர் ஆளுக்குக் காசு கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அக்காவிடமே கேட்டேன். அவர் 100 வெள்ளி வேண்டாம் என்று சொல்லவில்லை, யார் சொல்வார்? ஆனால், "தம்பி, முதல்ல அந்தத் தண்ணியை நிறுத்துங்க. பை ஒழுகுது, படி முழுக்கச் சொட்டுது, நான் ரெண்டு தடவை படி கழுவறேன்" என்றார். அவர் தாளைப் பற்றியோ பிளாஸ்டிக்கைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை.

அங்கேதான் எங்கள் பிரச்சினையே தாள் இல்லை, ஈரம் என்று எனக்கு விளங்கியது.

நம்மூர் ஆபீஸ் குப்பையைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். வெளிநாட்டு ஆபீஸ் படங்களில் வருவது போலத் தாளும் தண்ணீர் போத்தலும் இல்லை. பாதிப் பேர் பசியாறுவதும் மதியச் சாப்பாடும் தாப்பாவ், அதாவது கடையில் கட்டி வாங்கி வருவது. ரப்பர் வளையம் போட்ட கறிக்குழம்புப் பை, பாதி குடித்து ஐஸ் கரைந்துகொண்டிருக்கும் தே ஆய்ஸ் பை, கீழே ஜவ்வரிசி ஒட்டிய பபிள் டீ கோப்பை. இவற்றில் ஒன்று ஒழுகினால் போதும், பக்கத்தில் கிடக்கும் பத்துத் தாளும் போச்சு. 2012இல் தேசிய அளவில் எடுத்த ஆய்வில் வீட்டுக் குப்பையில் 44.5 விழுக்காடு உணவுக் கழிவு என்று வந்தது. ஆபீஸும் நம் ஊரில் வீடு மாதிரிதான் சாப்பிடுகிறது. இதையெல்லாம் கட்டி அனுப்பினால் கெப்போங்கில் தாமான் பெரிங்கின் மாற்று நிலையத்துக்குப் போய், அங்கிருந்து உலு சிலாங்கூரில் புக்கிட் தாகார் குப்பைமேட்டுக்குப் போகிறது. காற்றில்லாமல் புதைந்த உணவு மீத்தேன் வாயுவாகிறது. தங்கை வீட்டுப் பக்கம் பூலாவ் பூரோங் குப்பைமேடு 2022 ஜனவரியில் தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது, துணியைக்கூட வெளியே காயப் போடவில்லை என்று சொன்னாள். அவள் வீட்டில் பழத்தோல் எல்லாம் தோட்டத்தில் புதைவது அதற்கு அப்புறம்தான்.

ஈரக் குப்பைக்கு மூன்று வழி பார்த்தோம். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் அரைக்கும் இயந்திரம் வைத்துச் சாக்கடையில் விடுவது ஒன்று. எங்கள் கட்டடத்தின் குழாய் வயசுக்கு அது தற்கொலை, எண்ணெய் உறைந்து ஏற்கெனவே இரண்டு தடவை அடைத்திருக்கிறது.

பொக்காஷி என்பது இன்னொன்று. காற்றுப் புகாத வாளியில் உணவை அடுக்கடுக்காகப் போட்டு மேலே நுண்ணுயிர் கலந்த தவிடு தூவி மூடி வைத்தால் அழுகாமல் புளிக்கும், நம் தோசை மாவு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாளி நிறைந்த பிறகு சுமார் இரண்டு வாரம் மூடி வைத்து மண்ணில் புதைத்தால் உரம். கோழி எலும்பு, மீன் முள்கூடப் போடலாம் என்பது இதன் பெரிய வசதி. எனக்கு இது ரொம்பப் பிடித்தது, அதனால் ஒருதலைப்பட்சமாகக் கொஞ்சம் தள்ளியும் பார்த்தேன். ஆனால் குழம்புத் தண்ணீர் அதிகமானால் கெட்டுப்போகிறது, எங்கள் குப்பையில் அதுதான் அதிகம். அதோடு புதைக்க மண் வேண்டும். மாடியில் மண் ஏது? கிள்ளானில் தோட்டம் வைத்திருக்கும் ஒரு சகா வாளியை எடுத்துப் போனார், அவர் பத்து நாள் விடுப்பில் போன சமயம் வாளி நிறைந்து, யாரோ மூடியைச் சரியாக மூடாமல் விட்டு, அந்த வாசனையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. ஒரே ஆளை நம்பி ஓர் ஏற்பாட்டைத் தொங்கவிடக் கூடாது. இப்போது காப்பித்தூள் சக்கை மட்டும் அவருக்குப் போகிறது. தோட்டமோ மொட்டைமாடித் தொட்டிச் செடியோ உள்ள ஆபீஸாக இருந்தால் பொக்காஷியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நாங்கள் எடுத்தது, பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லாத வழி. பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு வடிகட்டிக் கூடை, பக்கத்தில் மூடி போட்ட சின்ன வாளி. தண்ணியாக இருப்பதை முதலில் வடிகட்டியில் ஊற்று, கெட்டியானதை வாளியில் தட்டு, வெறும் பையையும் தாளையும் அப்புறம் குப்பையில் போடு. எண்ணெய் மிதக்கும் குழம்பை மட்டும் வடிகட்டியில் ஊற்றாமல் பையோடு முடிச்சுப் போட்டு வாளியில் வைக்க வேண்டும். வாளி சின்னதாக இருக்க வேண்டும், அதுதான் தந்திரம், பெரிதாக இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடுவார்கள். தினமும் மாலையில் கடைசியாகக் கிளம்புகிறவர் கீழே இறக்க வேண்டும். ஒரு வாரத்திலேயே அக்கா படி கழுவுவதை ஒரு தடவையாகக் குறைத்துவிட்டார். என் கணக்கில் மற்ற எல்லா மாற்றத்தையும்விட இது பெரியது.

ஈரம் போன பிறகுதான் தொட்டியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அர்த்தம் வந்தது. முன்பு மேசைக்கு மேசை கூடை இருந்தது, எல்லாம் அதில்தான். கூடைகளை எடுத்துவிட்டு நடுவில் மட்டும் தொட்டி வைப்போம் என்று ஒரு கட்சி. எடுத்தால் தும்மிய டிஷ்யூவை எங்கே போடுவது என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. 1994இல் வெளியான ஓர் அமெரிக்க அலுவலக ஆய்வில், மறுசுழற்சிப் பெட்டி பொது இடத்தில் இருந்தபோது தாளில் 28 விழுக்காடுதான் சரியாகப் போய்ச் சேர்ந்தது, அதையே ஆட்களுக்குப் பக்கத்தில் வைத்ததும் 85 முதல் 94 விழுக்காடு வரை ஏறியது. அப்படியென்றால் மேசைக் கூடை நல்லதுதானே என்று உடனே கேட்டார்கள். இல்லை, கிட்டத்தில் இருப்பதுதான் நிறையும் என்று அர்த்தம், கிட்டத்தில் கலப்புக் கூடை இருந்தால் கலப்புதான் நிறையும். அதனால் மேசையில் பை போடாத, மூடியில்லாத, திறந்த அட்டைத் தட்டு ஒன்று மட்டும் வைத்தோம், அச்சுத்தாள் வந்த பெட்டியின் அடிப்பாகமே போதும். அதில் யாரும் சட்னிப் பையைப் போட மாட்டார்கள், போட்டால் அவர்கள் மேசையே நனையும். மற்ற எதுவாக இருந்தாலும் எழுந்து பேன்ட்ரிக்கு நடக்க வேண்டும்.

பேன்ட்ரித் தொட்டிகளின் மூடியிலும் கத்தியால் ஓட்டை வெட்டினோம், ஆரஞ்சுக்குப் போத்தல் நுழையும் வட்டம், நீலத்துக்குத் தாள் நுழையும் பிளவு. விளையாட்டு மாதிரி தெரியும், ஆனால் 2009இல் வந்த ஓர் ஆய்வில் இப்படி வடிவம் வெட்டிய மூடி வைத்ததுமே பானப் போத்தல், டின் சேர்வது 34 விழுக்காடு கூடி, அதற்குள் தப்பாக விழும் குப்பை 95 விழுக்காடு குறைந்தது. கல்லாவில் பை வேண்டுமா என்று கேட்கிறார்களே, அந்த மாதிரி அந்த ஓட்டை கையை நிறுத்திக் கேட்கிறது. கறிப்பொட்டலத்தோடு வந்தவர் பிளவைப் பார்த்து ஒரு விநாடி தயங்கிப் பக்கத்துத் தொட்டிக்குப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

எது தாள், எது தாள் மாதிரி என்பதில் இன்னும் சண்டை உண்டு. நாசி லெமாக் சுற்றி வரும் பழுப்புத் தாளின் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டியிருக்கும், அது தாளில்லை. காப்பிக் காகிதக் கோப்பையும் அப்படித்தான். கடை ரசீது வெப்பத்தில் அச்சாகும் பூச்சுத் தாள், அதுவும் வேண்டாம். கணக்கு நிறுவனத்தின் துண்டு துண்டாக வெட்டிய தாள் தனிப் பையில் கட்டிப் போக வேண்டும், நார் குட்டையாகிவிடுவதால் அதற்கு மதிப்புக் குறைவு. அவர்களிடம் இன்னொரு விசேஷம், கணக்கேடுகளை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதால் வருடத்தில் ஒருநாள் எட்டாம் வருடத்துப் பெட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வரும். அன்றைக்குப் பேப்பர் லாரிக்காரர் கூப்பிடாமலே இரண்டு மாடி ஏறி வருவார், ஆனால் அவர்கள் கொடுக்க மாட்டார்கள், வாடிக்கையாளர் பெயர் இருக்கிறது என்று ஆள் வைத்து வெட்டித்தான் அனுப்புவார்கள். அது சரியும்கூட.

குப்பையே வராமல் செய்வதுதான் முதல் வழி என்று சொல்பவர்களுக்கு என் பதில்: ஆமாம், ஆனால் கட்டாயப்படுத்தாதீர்கள். தூக்குச்சட்டி கொண்டுவாருங்கள் என்று குழுவில் அறிவித்தபோது ஒருவரும் கொண்டுவரவில்லை. வேலை செய்தது ஒரு ஃபிளாஸ்க். பத்தரை மணிக்குத் தே தாரேக் வாங்க யாராவது கீழே மாமாக் கடைக்கு இறங்குவார்கள், ஆளுக்கு ஒரு பை, ஒரு கயிறு, ஒரு குழல். இரண்டு லிட்டர் ஃபிளாஸ்க் ஒன்று வாங்கி வைத்தோம், இப்போது ஒருவர் இறங்கி எல்லோருக்கும் வாங்கி வருகிறார். கடை அண்ணனும், "பை மிச்சம் தம்பி" என்று கொஞ்சம் தாராளமாகவே ஊற்றுகிறார். குவளை கழுவுவது யார் என்று புதிய சண்டை கிளம்பியது உண்மைதான். ஆளுக்கு ஒரு குவளை, அடியில் வண்ணப் புள்ளி, கழுவாத குவளை அவரவர் மேசைக்கே திரும்பும் என்று வைத்த பிறகு அது அடங்கியது. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு நாளில் மட்டும் எந்த ஏற்பாடும் நிற்காது, அன்று முறுக்கும் ரெண்டாங்கும் தின்றுவிட்டு மறுநாள் எல்லோரும் சேர்ந்து அள்ளுவதுதான்.

ஆகவே இப்போது எங்களிடம் இருப்பது மேசையில் தாள் தட்டு, பேன்ட்ரியில் ஓட்டை வெட்டிய இரண்டு தொட்டி, ஒரு கலப்புத் தொட்டி, வடிகட்டி, சின்ன வாளி, பிறகு அந்த ஃபிளாஸ்க். செலவு நூறு வெள்ளியைத் தாண்டவில்லை, அதிலும் ஃபிளாஸ்க்தான் பாதி. உங்களிடம் ஒரே முதலாளியும் சொந்தமாகக் குத்தகையாளரும் இருந்தால் நான் முதலில் அந்தக் குத்தகையில் இரண்டாவது ட்ரம்மைச் சேர்க்கத்தான் சொல்வேன், பேப்பர் லாரியை நம்பி உட்கார வேண்டாம். நாலு பேர் மட்டுமே உள்ள ஆபீஸ் என்றால் தொட்டியே வாங்காதீர்கள், வடிகட்டியும் ஒரு பையும் போதும்.

மேசைக் கூடைகளில் ஒன்று மட்டும் இன்னும் எடுபடவில்லை. கணக்கு நிறுவனத்துப் பெரியவர், 61 வயது, எழுந்து நடக்க முட்டி வலிக்கிறது என்கிறார். அவர் கூடையை விட்டுவைத்திருக்கிறோம். தினமும் நாலு மணிக்கு பேன்ட்ரிக்குப் போகிற யாராவது அதையும் கையோடு எடுத்துப் போகிறார்கள், போன வாரம் எடுத்துப் போனது அந்தப் பத்து வெள்ளிப் பையன்.